கிரீடம் ஒன்று, மதிப்பு நாற்பதா நாலா?

போன செவ்வாய்க்கிழமை தபாலில் இரண்டு கடிதங்கள் வந்தன.

ஒன்று எனக்கு. சர்க்கார் முத்திரை போட்ட நீள உறை. இன்னொன்று மாரப்பனுக்கு — என் மேற்பார்வை என்று விலாசம் போட்டு, மலாய் நாட்டிலிருந்து. மாரப்பனுக்குப் படிக்கத் தெரியாது. அதனால் அவருக்கு வரவேண்டிய கடிதம் என் வீட்டுக்குத்தான் வரும்.

எதை முதலில் பிரித்தேன்? என்னுடையதைத்தான். அடுத்தவர் கடிதத்தை அவர் இல்லாமல் பிரிப்பது நாகரிகமில்லை என்று ஒரு காரணம் சொல்லலாம். உண்மை அது இல்லை. சர்க்கார் கடிதம் என்றால் எனக்குப் பயம். பயத்தை உறைக்குள்ளேயே வைத்துக்கொண்டு சாப்பிட உட்கார முடியுமா?

கடிதம் இங்கிலீஷில் இருந்தது. இருபது வருஷமாக வக்கீல் குமாஸ்தா வேலை பார்க்கிறேன், இங்கிலீஷ் எனக்குப் புதிதில்லை. ஆனாலும் மூன்று முறை படித்தேன். சாரம் இதுதான்: நீர் வைகாசி மாதம் மலாய் நாட்டுக்கு அனுப்பிய பார்சலின் மதிப்பு ரூபாய் நாற்பது என்று இரண்டு பாரங்களில் எழுதிக் கையெழுத்திட்டிருக்கிறீர். அங்கே விசாரித்ததில், பார்சலைப் பெறவேண்டியவர் மதிப்பைச் சொல்ல மறுத்துவிட்டார். பிறகு வேறொருவர் ரூபாய் நாலு என்று சொல்லியிருக்கிறார். ஆகவே உண்மையான மதிப்பு எது என்பதைத் தக்க ஆதாரத்துடன் பதினைந்து நாளைக்குள் தெரிவிக்கவும்.

அவ்வளவுதான். பார்சல் போய்ச் சேர்ந்ததா, இன்னும் ஏதாவது ஒரு கிடங்கில் கிடக்கிறதா... ஒரு வார்த்தை இல்லை.

உண்மையான மதிப்பு எதுவாம். அது தெரிந்திருந்தால் நான் வக்கீலாகவே ஆகியிருப்பேனே.

மாரப்பன் ஊரான ஏரியூருக்குப் போகிற பஸ் டிரைவரிடம் சொல்லி மாரப்பனை வரச் சொல்லி அனுப்பினேன். இரண்டாவது கடிதத்தைப் பிரிக்காமல் பஞ்சாங்கத்துக்கு அடியில் வைத்தேன். அவர் வருவதற்குள் உங்களுக்கு விஷயத்தைச் சொல்லிவிடுகிறேன். சொல்லும்போதாவது எனக்கு விளங்குகிறதா என்று பார்ப்போம்.

மாரப்பன் கூத்து வாத்தியார். ஐம்பது வயது இருக்கும். தருமபுரிக்கு மேற்கே எந்த ஊரில் கூத்து நடந்தாலும் ராஜ வேஷம் அவருக்குத்தான். வேஷம் கட்டுவது மட்டுமில்லை, கிரீடமும் அவரே செய்வார். கல்யாண முருங்கைக் கட்டையைக் கடைந்து, வண்ணக் காகிதம் ஒட்டி, கண்ணாடிச் சில்லுகள் பதித்து... கையில் எடுத்தால் காற்று மாதிரி இருக்கும். தலையில் வைத்தால் மனிதருக்கு நாலு விரற்கடை நெஞ்சு அகன்றுவிடும். பக்கத்து ஊர்க் கூத்துக்காரர்களும் அவரிடம்தான் வாங்கிப் போவார்கள்.

அவருக்கு ஒரு தம்பி, பெருமாள். எட்டு வருஷத்துக்கு முன்பு பென்னாகரம் சந்தையில் அண்ணன் தம்பிக்குள் ஒரு சண்டை. மாரப்பன் செய்து வைத்திருந்த கிரீடத்தை ஒரு சேலத்து வியாபாரி பார்த்து ஆசைப்பட்டாராம். பெருமாள் சட்டென்று, பன்னிரண்டு ரூபாய் கொடுத்தால் தருகிறேன் என்றானாம். மாரப்பன் சந்தை நடுவில், ஊரே பார்க்க, தம்பியைக் கன்னத்தில் அறைந்துவிட்டார். அன்று மாலையே பெருமாள் பொம்மிடிக்குப் போய் ரயில் ஏறியவன்தான். கங்காணி ஒருவரோடு மலாய் நாட்டு ரப்பர்த் தோட்டத்துக்குப் போய்விட்டான் என்று பிறகு தெரிந்தது. எட்டு வருஷத்தில் ஒரு வரி கிடையாது.

வியாபாரம் பேசியதற்கா அறைவார்கள் என்று அப்போது ஊரில் எல்லாரும் கேட்டார்கள். நானும் கேட்டேன். மாரப்பன் பதில் சொன்னதில்லை.

போன பங்குனியில் முதல் கடிதம் வந்தது. எழுதியவர் தோட்டத்துக் கங்காணி. எங்கள் தோட்டத்தில் அம்மன் கோயில் கட்டியிருக்கிறோம், ஆடியில் திருவிழா, கூத்து நடத்தப் போகிறோம், பெருமாளுக்கு ராஜ வேஷம். ஆனால் அண்ணன் கையால் செய்த கிரீடம் வந்தால்தான் வேஷம் கட்டுவேன், இல்லாவிட்டால் மாட்டேன் என்கிறான். எனவே கிரீடம் ஒன்றும் தோளில் கட்டும் புஜக்கட்டை இரண்டும் செய்து அனுப்பவும். பணம் மணியார்டரில் வருகிறது.

வந்தது. தோட்டத்து ஜனங்கள் வசூல் செய்து அனுப்பிய நாற்பது ரூபாய்.

கடிதத்தின் அடியில் பெருமாளின் கைநாட்டு இருந்தது. மாரப்பன் அந்த மைக்கறையின் மேல் தன் கட்டைவிரலை வைத்துப் பார்த்தார். பிறகு கடிதத்தை மடித்து மடியில் கட்டிக்கொண்டு போனார்.

வைகாசியில் கிரீடம் தயார். பழைய மண்ணெண்ணெய்ப் பெட்டிப் பலகையில் ஒரு பெட்டி. உள்ளே வைக்கோல், வைக்கோலுக்குள் துணி, துணிக்குள் கிரீடம். பெட்டியை மடியில் வைத்துக்கொண்டே பஸ்ஸில் வந்தார். இங்கிலீஷ் தெரிந்தவன் என்று எனக்கு ஊரில் ஒரு பெயர் இருக்கிறது பாருங்கள், அந்தப் பெயர்தான் என்னையும் தபால் ஆபீஸுக்கு இழுத்துக்கொண்டு போனது.

எங்கள் போஸ்ட்மாஸ்டர் ராவ் தங்கமான மனிதர். வீட்டில் கன்னடம் பேசுவார், கவுன்டரில் இங்கிலீஷ் பேசுவார், பொறுமை போய்விட்டால் தமிழ் பேசுவார். கப்பல் ஏறும் பார்சல், கண்ணாடிச் சாமான், கட்டாயம் இன்ஷ்யூர் செய்துவிடுங்கள் என்றார். வழியில் தொலைந்தால் எழுதியிருக்கிற மதிப்புக்குச் சர்க்கார் பொறுப்பு. செய்யாவிட்டால் கடலோடு போனது போனதுதான். மாரப்பனும் வேகமாகத் தலையாட்டினார். கிரீடத்துக்கு ஒன்றும் ஆகிவிடக் கூடாது என்பதுதான் அவருடைய ஒரே கவலை.

ராவ் இரண்டு பாரங்கள் நீட்டினார். ஒன்று இன்ஷ்யூருக்கு. இன்னொன்று அந்த நாட்டுச் சுங்க அதிகாரிகள் பார்ப்பதற்கு. பெட்டிக்குள் என்ன, எடை என்ன, எல்லாம் எழுதியாயிற்று. கடைசியில் ஒரு கட்டம். மதிப்பு.

நாற்பது என்று எழுதப் போனேன். மாரப்பன் என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார்.

மணியார்டர் நாற்பதுக்குத்தானே வந்தது என்றேன். அது காணிக்கை, விலை இல்லை என்றார். சரி, மற்ற ஊர்க்காரர்களுக்கு எவ்வளவுக்குக் கொடுப்பீர்கள் என்றேன். அவருக்குத் தெரியாதாம். எனக்குத் தலை சுற்றியது. முப்பது வருஷமாகக் கிரீடம் செய்து கொடுக்கிற மனிதருக்குக் கிரீடத்தின் விலை தெரியாதா?

அப்புறம் மெதுவாக வெளியே வந்தது. கிரீடம் வாங்க வருகிறவர்கள் ஒரு முறத்தில் அரிசி, வெற்றிலை பாக்கு, வேட்டி, அதன்மேல் அவர்களால் முடிந்த பணம் வைத்துக்கொண்டு வருவார்கள். மாரப்பன் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொள்வார். அவர்கள் முறத்தை வைத்துவிட்டுக் கிரீடத்தை எடுத்துக்கொண்டு போய்விடுவார்கள். எவ்வளவு என்று அவர் கேட்கவும் மாட்டார், அவர்கள் சொல்லவும் மாட்டார்கள். அவருடைய அப்பா காலத்திலும் அப்படித்தான்.

ஏன் என்று கேட்டேன். கவுன்டரில் இருந்தவர்களுக்குக் கேட்காதபடி என் காதருகில் குனிந்து சொன்னார்.

“கிரீடத்துக்கு வெலை சொன்னாக்கா, அதை வெக்கிற தலைக்கு வெலை சொன்ன மாதிரிங்க. அந்தத் தலை நிக்காதுங்க.”

எட்டு வருஷத்துக்கு முன்பு விழுந்த அறைக்கு அர்த்தம் அப்போதுதான் எனக்குப் புரிந்தது. பன்னிரண்டு ரூபாய் என்று பெருமாள் சொன்னது அடுத்து அந்தக் கிரீடத்தை வைக்கப் போகிற தலைக்கு. அன்று வைக்க இருந்தவர் மாரப்பன். இன்று வைக்கப் போவது பெருமாள்.

இப்போது என்ன செய்வது? கிரீடத்துக்குப் பாதுகாப்பும் வேண்டும், விலையும் சொல்லக் கூடாது. அப்படி ஒரு பாரம் தபால் இலாகாவிலேயே இல்லை என்றார் ராவ். மதிப்பு இல்லாவிட்டால் இன்ஷ்யூர் இல்லை.

எனக்குத் திடீரென்று ஒரு யோசனை. நான் வக்கீல் குமாஸ்தா இல்லையா? ஒரு தபால் தலையை எடுத்துக் காட்டினேன். இதோ பாருங்கள் வாத்தியாரே, இவர் சக்ரவர்த்தி. தலையில் கிரீடம் இருக்கிறது. கீழே ஓரணா என்று விலையும் போட்டிருக்கிறது. தேசம் முழுக்க விற்கிறார்கள். இவர் தலைக்கே விலை எழுதலாம் என்றால் உம் கிரீடத்துக்கு எழுதினால் என்ன?

கேஸை ஜெயித்துவிட்டதாகவே நினைத்தேன். மாரப்பன் அந்தத் தலையை உற்றுப் பார்த்தார்.

“இவருதானுங்களே போன தை மாசம் செத்துட்டாரு?”

வரிசையில் ஒரு போலீஸ்காரர் நின்றிருந்தார். நான் தபால் தலையை அவசரமாக ராவிடம் கொடுத்துவிட்டுப் பேச்சை மாற்றினேன்.

இதற்குள் வரிசையில் இருந்தவர்களுக்கெல்லாம் விஷயம் தெரிந்துவிட்டது. தெரிந்தால் சும்மா இருப்பார்களா? ரங்கூனுக்குச் சரக்கு அனுப்பிப் பழக்கப்பட்ட புளி மண்டிக்காரர், நாலு ரூபாய் என்று எழுதுங்கள் என்றார். அந்த நாட்டில் மதிப்பைப் பார்த்துத்தான் தீர்வை போடுவார்களாம். நாற்பது என்று எழுதினால் பாவம், தோட்டத்துக்காரன் தலையில் விழும். கட்ட முடியாமல் வேண்டாம் என்று சொல்லிவிட்டால் பெட்டி திரும்பி வரும். பென்ஷன் வாங்குகிற ரெவின்யூ இன்ஸ்பெக்டர் ஒருவர், அதெல்லாம் இல்லை, நூறு என்று போடுங்கள் என்றார். தொலைந்தால் நூறு வருமே.

இரண்டும் நியாயமாகத்தான் பட்டது. அதுதான் கஷ்டம்.

யோசித்துப் பாருங்கள். நம் ஜில்லாவில் எவர்தான் ஒரே மதிப்பைச் சொல்லியிருக்கிறோம்? தாசில்தார் வந்து எத்தனை மூட்டை விளைந்தது என்று கேட்டால், எங்கே சாமி, மழையே இல்லை என்போம். அதே வாரம் பெண் வீட்டார் வந்து கேட்டால் அதே காட்டில் களஞ்சியம் கொள்ளாமல் விளைந்திருக்கும். கேட்கிறவர் முகத்தைப் பார்த்துத்தான் நம் கணக்கு. இதில் பொய் சொல்லுகிறோம் என்று யாரும் நினைப்பதில்லை, மரியாதை என்றுதான் நினைக்கிறோம். இந்தப் பாரமோ ஒரே கட்டத்தில் ஒரே பதிலைக் கேட்கிறது. முகம் தெரியாத இரண்டு பேர் அதைப் படிப்பார்கள். ஒருவர் வரி போடுகிறவர், இன்னொருவர் நஷ்டம் கொடுக்கிறவர். என்னதான் செய்வது?

கடைசியில் ஒரு வழி கண்டுபிடித்தேன். பார்சலை நானே அனுப்புகிறவனாகக் கையெழுத்துப் போடுகிறேன். மாரப்பன் விலை சொன்னதாக ஆகாது. வழக்கப்படி முகத்தைத் திருப்பிக்கொண்டால் போதும். அவர் தலையாட்டினார். பிறகு தபால் பெட்டி இருந்த சுவர்ப்பக்கம் திரும்பி, இரண்டு காதிலும் விரலை வைத்துக்கொண்டு நின்றார்.

தபால் ஆபீஸே கப்சிப். ஐந்தாறு பேர் மூச்சுக்கூட விடாமல் பார்க்க, நான் எழுதினேன். நஷ்டம் கொடுக்கிற பாரத்தில் நாற்பது. சுங்கப் பாரத்தில் நாலு. மண்டிக்காரர் மெச்சுதலாகத் தலையாட்டினார். என் புத்தியை நானே வியந்துகொண்டு பாரங்களை நீட்டினேன்.

ராவ் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். தமிழ் வந்துவிட்டது.

“சார், பெட்டி ஒண்ணுதான். இங்கே நாற்பது, அங்கே போய் இறங்கினா நாலா? மிச்சம் முப்பத்தாறும் கடல் தண்ணியிலே கரைஞ்சு போகுமா?”

இருபது வருஷக் குமாஸ்தா உத்தியோகத்தில் நான் அப்படி ஒரு நாளும் வெட்கப்பட்டதில்லை. போலீஸ்காரர் வேறு சிரித்தார். நாலை அடித்து நாற்பது என்று எழுதி, அடித்த இடத்தில் கையெழுத்தும் போட்டேன். நல்ல வேளை, மாரப்பன் காதிலிருந்து விரலை எடுக்கவே இல்லை. நான் போய்த் தோளைத் தொட்ட பிறகுதான் திரும்பினார்.

பெட்டிக்குத் துணி சுற்றித் தைத்து அரக்கு முத்திரை வைக்கவேண்டும். நாணயத்தை வைத்து அழுத்தக் கூடாது, சொந்த அச்சு வேண்டும் என்றார் ராவ். மாரப்பன் பையைத் துழாவி, கிரீடத்துக் காகிதத்தில் பூப்போட வைத்திருக்கும் சின்ன மரஅச்சை எடுத்தார். தையலுக்குத் தையல் சிவப்பாக ஒரு பூ. அதற்குப் பிறகுதான் பெட்டியைக் கைவிட்டார்.

ஆடி வந்தது, போனது. பெட்டி கிடைத்தது என்று ஒரு அட்டை வரவேண்டும், வரவில்லை. மாரப்பன் சந்தைக்கு வருகிற நாளெல்லாம் என் வீட்டுக்கு வந்து நிற்பார். தபால் வந்ததா என்று கேட்கவும் மாட்டார். என் முகத்தைப் பார்ப்பார், போய்விடுவார்.

ஆவணியில் ராவ் ஒரு பாரம் கொடுத்தார். தொலைந்ததாக எழுதிக் கொடுத்தால் விசாரித்துவிட்டு நாற்பது ரூபாய் கொடுப்பார்கள். ஒப்புக்கொள்கிறேன், எனக்கு அது நல்ல யோசனையாகத்தான் பட்டது. பணம் வந்தால் இன்னொரு கிரீடம் செய்யலாமே. அடுத்த ஆடிக்கு அனுப்பலாமே. மாரப்பனிடம் அப்படியே சொன்னேன்.

அவர் முகம் போன போக்கைப் பார்த்ததும் ஏன் சொன்னோம் என்று ஆகிவிட்டது.

“அந்தப் பணத்தை வாங்கிடாதீங்க சாமி. வாங்கிட்டா, என் தம்பி அவ்வளவுதான்னு நானே ஒத்துகிட்ட மாதிரி ஆயிடும். ஏற்கெனவே இந்தக் கையாலதான் அடிச்சு வூட்டை விட்டு ஓட்டினேன்.”

துண்டை முகத்தில் அழுத்திக்கொண்டார். பாரத்தின் ஒரு கட்டத்துக்குள் நான் எழுதிய எண், ஒரு மனிதரை இப்படி அழ வைக்குமா? நான் எழுதியிருக்கக் கூடாதோ? எழுதாமல் எப்படி அனுப்பியிருப்பது?

அன்று இரவுச் சாப்பாட்டின்போது என் மனைவியிடம் சொன்னேன். அவள் ரசத்தை ஊற்றிக்கொண்டே, என்னைப் பார்சலில் அனுப்பினால் அந்தக் கட்டத்தில் என்ன எழுதுவீர்கள் என்று கேட்டாள். நான் யோசித்தேன். யோசித்ததே தப்பு என்று பிறகு தெரிந்தது. இரண்டு நாள் ரசம் கிடையாது.

பாரத்தை எழுதாமல் மேஜை இழுப்பறைக்குள் போட்டுப் பூட்டினேன். இப்போது புரட்டாசி. இதுதான் நிலவரம். இந்த நிலவரத்தில்தான் போன செவ்வாய்க்கிழமை இரண்டு கடிதங்களும் வந்தன.

இன்று வெள்ளிக்கிழமை. காலை பஸ்ஸில் மாரப்பன் வந்துவிட்டார். கூடத்தில் உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை. மலாய்க் கடிதத்தைப் பிரித்தேன். கங்காணியின் கையெழுத்து. பெருமாள் சொல்லச் சொல்ல எழுதியது, நடுநடுவே கங்காணியின் சொந்தச் சரக்கும் உண்டு.

பெட்டி ஆனி மாதமே அந்த ஊர்த் துறைமுகத்துக்குப் போய்விட்டது. தொலையவில்லை. சுங்க ஆபீஸிலிருந்து பெருமாளுக்கு ஆள் வந்தது. போனான். அதிகாரி பெட்டியைத் திறக்கச் சொல்லிப் பார்த்தார். மரம், காகிதம், கண்ணாடிச் சில்லு. பாரத்தைப் பார்த்தார். நாலு அடித்து நாற்பது. அவருக்குச் சந்தேகம் வந்ததில் ஆச்சரியம் உண்டா? இதன் விலை என்ன என்று பெருமாளைக் கேட்டார்.

பெருமாள் பதில் சொல்லவில்லை.

திரும்பக் கேட்டார். பெருமாள் சுவர்ப்பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டான். நாற்பது என்று எழுதியிருக்கிறதே, அது சரியா என்றாவது சொல் என்றார்கள். சரி என்றும் சொல்ல மாட்டேன், தப்பு என்றும் சொல்ல மாட்டேன் என்றான். அதிகாரி பெட்டியைப் பூட்டிக் கிடங்கில் போட்டுவிட்டார்.

மூன்று தடவை போனானாம். மூன்று நாள் கூலி போயிற்று. மூன்று தடவையும் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றுவிட்டுத் திரும்பினான். நடுவில் ஆடித் திருவிழா வந்தது. அட்டையில் ஒரு கிரீடம் செய்து கொடுத்தார்களாம், பெருமாள் தொடவில்லை. வேறொரு ஆள் ராஜாவாக நின்று, பாதி வசனத்தை மறந்து, ஒருமாதிரி கூத்தை ஒப்பேற்றினார்கள்.

அதற்குமேல் கங்காணிக்குப் பொறுக்கவில்லை. அவரே சுங்க ஆபீஸுக்குப் போய், எசமான், இது வெறும் மரக்கட்டை, நாலு ரூபாய் பெறும், என் பெயரில் எழுதிக்கொள்ளுங்கள் என்று கையெழுத்துப் போட்டுக் கிரீடத்தை வாங்கிக்கொண்டு வந்துவிட்டார். அவசரத்தில் நாலு என்று வந்துவிட்டது, அண்ணன் மனதில் வைத்துக்கொள்ள வேண்டாம் என்று அடைப்புக்குறிக்குள் எழுதியிருந்தார். கடலுக்கு அந்தப் பக்கமும் என்னைப் போல ஒரு ஆள் இருந்திருக்கிறார் என்பதில் எனக்குக் கொஞ்சம் ஆறுதல்.

கண்ணாடிச் சில்லு ஒன்று மட்டும் உதிர்ந்திருந்தது. மற்றபடி சேதம் இல்லை. அடுத்த ஞாயிற்றுக்கிழமை, திருவிழாவும் இல்லை ஒன்றும் இல்லை, துரையிடம் அனுமதி வாங்கித் தோட்டத்து ஜனங்கள் கூத்தைத் திரும்ப நடத்தினார்கள். கிரீடத்துக்காகவே நடத்திய கூத்து. பெருமாள் ராஜாவாக நின்றான். தலைக்கு அளவெடுத்த மாதிரி இருந்ததாம்.

கடிதத்தின் கடைசி வரி பெருமாள் சொன்னது. கங்காணி அதைச் சொன்னபடியே எழுதியிருந்தார்.

“அண்ணன்கிட்ட சொல்லுங்க, நான் வெலை சொல்லலைன்னு.”

படித்துவிட்டு நிமிர்ந்தேன். மாரப்பன் அந்த வரியை மட்டும் திரும்பப் படிக்கச் சொன்னார். படித்தேன். இன்னொரு தடவை என்றார். நாலு தடவை படித்தாயிற்று. அடித்தபோது புரியாதது, எட்டு வருஷம் கழித்து, கடல் தாண்டி, ஒரு சுங்க ஆபீஸ் சுவரைப் பார்த்து நின்றபோது அந்தத் தம்பிக்குப் புரிந்திருக்கிறது. அவன் அண்ணனுக்கு அனுப்பிய பதில் மரியாதை அதுதான். மாரப்பன் அப்படியே தரையில் உட்கார்ந்தார். அவர் அழுததை நான் மறைக்கப் போவதில்லை. நானும்தான் அழுதேன்.

எல்லாம் சரி. என் கடிதம்?

பதினைந்து நாளில் மூன்று போய்விட்டது. நாற்பது என்று பதில் எழுதினால் கங்காணி பொய் சொன்னவர் ஆகிறார். அவருக்கு அபராதம் போட்டாலும் போடுவார்கள். நாலு என்று எழுதினால் பொய் சொன்னவன் நான். வக்கீல் ஆபீஸில் என் வேலை என்ன ஆகும்? இரண்டும் இல்லை, இதற்கு விலையே கிடையாது என்று எழுதினால், விலை இல்லாததை எப்படி ஐயா இன்ஷ்யூர் செய்தீர் என்று இன்னொரு நீள உறை வரும். தக்க ஆதாரம் வேறு கேட்கிறார்கள். ஆதாரம் என்று எனக்கு உலகத்தில் இருப்பது ஒரே ஒரு மனிதர். அவர் வாயைத் திறக்க மாட்டார்.

இருந்தாலும் மாரப்பனிடம் கேட்டேன். வாத்தியாரே, சர்க்காருக்கு ஒரு பதில் எழுதியாகவேண்டும், நீங்களே சொல்லுங்கள், நான் என்ன எழுதட்டும்?

அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்தார். காலண்டர் மாட்டியிருக்கிற சுவர்ப்பக்கம் திரும்பி நின்றார்.

“நீங்க எழுதுங்க. நான் கேக்கலை” என்று சொல்லிவிட்டு இரண்டு காதிலும் விரலை வைத்துக்கொண்டார்.

முக்கால் மணி நேரம் ஆகிறது. காபி ஆறிப் போய்விட்டது. அவர் காதிலிருந்து விரலை எடுக்கிறபாடாக இல்லை... நானும் சர்க்காருக்கு எழுதத் தெரியாமல் உங்களுக்கு எழுதிக்கொண்டிருக்கிறேன்.